நின்றுபோன திரையும் நிற்காத சூளையும்

கன்ட்ரோல் ரூமுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக, கம்ப்யூட்டர் ஹேங் ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன். லேமினேட் செய்து சுவரில் ஒட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு அந்தப் பக்கத்தின் நகலை ஒருமுறை எடுத்துப் படித்தேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த வரி எதனால் வந்தது என்பது அதில் இல்லை. 'கீபோர்டைத் தொடுவதற்கு முன் சூளையைப் போய்ப் பார்' என்பது முதல் வரி. அந்த ஒரு வரி வருவதற்குள் ஒரு மனிதர் மூன்று நாள் தன் வீட்டில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அந்தக் கதையை உங்களுக்குச் சொல்லாமல் விட்டால், சுவரில் இருப்பது வெறும் காகிதம்தான்.

நான் இங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மையும் விளக்கும் கப்பும் செய்கிற சின்னப் பட்டறைகள் பலவற்றுக்குச் சொந்தச் சூளை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். செய்து காயவைத்த உருப்படிகளை நம் பொதுச் சூளைக்குக் கொண்டுவந்து டிராலியில் அடுக்கிவிட்டுப் போவார்கள். நாம் சுட்டுக் கொடுப்போம். கேஸ் சூளை வந்தபோது, அதன் வெப்பத்தைப் பார்க்கவும் ஏற்றி இறக்கவும் ஒரு புரோகிராம் தேவைப்பட்டது. சாயங்கால வகுப்பில் படித்த அரைகுறைப் படிப்பை நம்பி, "நானே எழுதிடறேன் சார்" என்று சொல்லிவிட்டேன். எட்டு மாதம் ஆனது. திரையின் நடுவில் பெரிய எழுத்தில் வெப்பம். சூடேறும்போது பச்சை, உச்சத்தில் சிவப்பு, ஆறும்போது நீலம். அது முதன்முதலாக ஓடிய நாளில் நான் வீட்டுக்குக் கேசரி வாங்கிக்கொண்டு போனேன்.

அப்போது பர்னர் வேலையில் இருந்தவர் சபாபதி. கம்மாபுரம் பக்கத்திலிருந்து தினமும் பழைய மொபெட்டில் வருவார். அவருடைய நிலம் நெய்வேலிச் சுரங்கத்துக்குப் போன பிறகு இந்தச் சூளைதான் அவருக்குப் பிழைப்பு. எண்ணெய்ச் சூளைக் காலத்திலிருந்தே இருந்தவர். சூளையின் ஒவ்வொரு சத்தமும் அவருக்கு அத்துப்படி. ஆனால் என் திரைக்கு முன்னால் வந்தால் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஏதோ பெரிய அதிகாரி எதிரே நிற்பதுபோல் நிற்பார்.

"தொட்டா ஏதாவது ஆயிடுமாங்க மேடம்?" என்று ஒருநாள் கேட்டார்.

"பயப்படாதீங்கண்ணே. கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது. தப்பு பண்றதெல்லாம் மனுஷங்கதான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். கர்வத்தில் சொன்னது. சொல்லிவிட்டு மறந்தும் போனேன். அவர் மறக்கவில்லை.

அது அக்டோபர் மாதத்து வெள்ளிக்கிழமை. சூளைக்குள் இருந்தது ஆரோக்கியமேரி அக்காவின் சரக்கு. அக்கா டவுனில் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு சின்னப் பட்டறை நடத்தினார். வருடம் முழுவதும் விளக்கு, பூந்தொட்டி என்று ஏதேதோ செய்தாலும், அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள்தான். சுற்றுவட்டாரத்து மாதா கோயில்கள் பலவற்றிலிருந்து அவரிடம் சொல்லிவைப்பார்கள். மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள், இடையர்கள், ஆடு, மாடு, குழந்தை. மாதாவும் ராஜாக்களும் முழங்கை உயரத்துக்குப் பெரிய பொம்மைகள். ஒவ்வொன்றும் நிழலில் வாரக்கணக்கில் காய்ந்து வந்தது.

சுடுவதைவிட ஆறவைப்பதுதான் சிரமம் என்று உங்களுக்கு முதல் நாளே சொல்லியிருப்பார்கள். உச்ச வெப்பத்திலிருந்து இறங்கும்போது அறுநூறு டிகிரியை ஒட்டி ஒரு கட்டம் வரும். அதை மெல்லத் தாண்ட வேண்டும். சட்டென்று குளிர்ந்தால் உருப்படி விரிசல் விடும். அதனால் பர்னரை அணைக்காமல் சிறு தீயில் வைத்து, ஃபேனை மெதுவாக ஓட்டி, படிப்படியாக இறக்குவோம். அன்று மத்தியானம் சூளை அந்தக் கட்டத்தை நோக்கித்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

சாப்பிட்டுவிட்டு ஆபீசில் ஏதோ கடிதம் அடித்துக்கொண்டிருந்தேன். சபாபதி வாசலில் வந்து நின்றார்.

"மேடம், நம்பரு அசையவே மாட்டேங்குது. பத்து நிமிஷமா எழுநூத்திப் பன்னெண்டுலயே நிக்கிது."

போய்ப் பார்த்தேன். மவுஸ் நகரவில்லை. எந்தப் பட்டனும் வேலை செய்யவில்லை. என் புரோகிராம், நான் எட்டு மாதம் எழுதியது, சபாபதியின் கண் முன்னால் செத்துக் கிடந்தது. எனக்கு வந்தது பயம்கூட இல்லை, வெட்கம். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அந்தக் காட்சியை மறைத்துவிட வேண்டும் போலிருந்தது. கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அமுக்கிப் பார்த்தேன். கேட்கவில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு, மறுபடி போட்டேன்.

அந்த இடத்தில் நான் நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர்தான் நின்றது, சூளை நிற்கவில்லை. சூளையை நேராக ஓட்டுவது அதன் பக்கத்தில் இருக்கிற இரும்புப் பெட்டி. அந்தக் கட்டத்துக்கான கட்டளைகளை முன்பே வாங்கி வைத்துக்கொண்டு, அது தன்பாட்டுக்குச் சரியாகவே வேலை செய்துகொண்டிருந்தது. எங்கள் திரை வெறும் ஜன்னல். ஜன்னல் அடைத்துக்கொண்டால் வீடு இடிந்துவிட்டதாக அர்த்தமில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றிருந்தால்கூட அன்று ஒன்றும் ஆகியிருக்காது.

புரோகிராம் திரும்ப வந்தது. நம்பர் ஓடத் தொடங்கியது. எழுநூற்று எட்டு, எழுநூற்று மூன்று, அறுநூற்றுத் தொண்ணூற்றாறு. நம்பர் ஓடுகிறதே என்று சந்தோஷப்பட்டேன். எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்க்கவில்லை.

"சரியாயிடிச்சிண்ணே" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குத் திரும்பினேன்.

ஐந்து நிமிடத்தில் மறுபடி வந்தார். "மேடம், ஃபேன் சத்தம் கூடிப்போன மாதிரி இருக்குதுங்களே."

"புரோகிராம் கணக்குப் பண்ணித்தானேண்ணே ஓட்டும்? நீங்க போங்க."

போனார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. "மேடம், உள்ள சத்தம் கேக்குது" என்றார். நானும் ஓடினேன். மூடிய சூளைக்குள்ளிருந்து, யாரோ சின்ன மணியை விரலால் சுண்டுவதுபோல், டிங் என்றது. கொஞ்சம் விட்டு இன்னொரு டிங். பீங்கான் விரிசல் விடுகிற சத்தம். சபாபதி சுவரிலிருந்த சுவிட்சைக் கைமுறைக்குத் திருப்பி ஃபேனை நிறுத்தினார். அதற்குப் பிறகும் நாலைந்து முறை கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம்.

மறுநாள் காலை டிராலியை வெளியே இழுத்தபோது ஆரோக்கியமேரி அக்கா வந்திருந்தார். மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அக்கா ஒவ்வொரு பொம்மையாகக் கையில் எடுத்து நகத்தால் தட்டினார். நல்லதென்றால் கணீரென்று கேட்கும். விரிசல் இருந்தால் மொத்தென்று இருக்கும். ஆடு, மாடு, குழந்தை எல்லாம் கணீரென்றன. சின்ன உருப்படிகள், தப்பித்துக்கொண்டன. மாதாவை எடுத்தார். மொத்தென்றது. ராஜாக்கள் மொத்தென்றார்கள். கழுத்தைச் சுற்றி மயிரிழைபோல் ஒரு கோடு. பெரிய பொம்மைகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. கடைசிப் பொம்மையைக் கீழே வைத்துவிட்டு அக்கா கேட்டார்: "என் மண்ணுல ஈரம் இருந்துச்சோ?"

அந்தக் கேள்விக்கு நான் வாயைத் திறக்கவில்லை.

மேனேஜர் வந்தார். சூளையைச் சுற்றிப் பார்த்தார். ஃபேன் சுவிட்ச் கைமுறையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, "இதைத் திருப்புனது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்றார் சபாபதி.

அவ்வளவுதான். அவர் ஃபேனை நிறுத்துவதற்காகத் திருப்பினார். மேனேஜருக்கு அவர் ஃபேனைக் கையால் ஓட்டிவிட்டார் என்று பட்டது. காப்பாற்றப் போட்ட சுவிட்சே சாட்சியாகிவிட்டது. அந்த நேரத்துப் பதிவு இருந்தால் உண்மை தெரிந்திருக்கும். நான் பவரை அணைத்ததில் பதிவுக் கோப்பே கெட்டுப்போய், அதற்குப் பிறகு எதுவும் பதிவாகியிருக்கவில்லை. மேனேஜர் என் பக்கம் திரும்பி, "கம்ப்யூட்டர்ல ஏதாவது பிரச்னையாம்மா?" என்றார்.

"நடுவுல ஹேங் ஆச்சு சார். ரீஸ்டார்ட் பண்ணிச் சரிபண்ணிட்டேன்" என்றேன்.

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்த வாக்கியத்தை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. அப்போது நான் தற்காலிக ஊழியர். நிரந்தரம் ஆக்குவதற்கான பேப்பர் மேலே போயிருந்தது. அதனால்தான் பேசவில்லை. எனக்கு விஷயம் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்பதுதான் உண்மை. விசாரித்து முடிக்கிற வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சபாபதியை அனுப்பிவிட்டார்கள். அவர் மொபெட்டை எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டில் துணி துவைத்தேன், பாத்திரம் துலக்கினேன். கை வேலை செய்தது, மனது அந்தப் புரோகிராமின் முதல் நாலு வரிகளையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தது. திங்கள்கிழமை யாரும் வருவதற்கு முன்பே ஆபீசுக்குப் போனேன். சூளை காலி. ஃபேன் சுவிட்சைக் கைமுறையிலிருந்து பழையபடி திருப்பி வைத்தேன். புரோகிராமை மூடிவிட்டு, மறுபடி திறந்தேன். ஷெட்டுக்குள் ஃபேன் விர்ரென்று எழும்பி முழு வேகத்தில் ஓடியது.

நான் எழுதியது அப்படி. திறந்தவுடன், 'இப்போதுதான் புதிதாகத் தொடங்குகிறோம், சூளை குளிர்ந்திருக்க வேண்டும்' என்று அது நினைத்துக்கொள்ளும். எழுநூறு டிகிரியில் கொதிக்கிற சூளையைப் பார்த்தாலும் பர்னரை அணைத்து, ஃபேனை முழுதாகத் திறந்து, குளிரவைக்கப் பார்க்கும். நீ இப்போது எந்த நிலையில் இருக்கிறாய் என்று சூளையிடம் ஒரு வார்த்தை கேட்க அதற்கு நான் சொல்லித் தரவில்லை.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராகச் சபாபதி வீட்டுக்குப் போனேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க மேடம். வெசாரணைக்குக் கூப்பிட்டாங்களா?"

"இல்லண்ணே. ஃபேனை ஓட்டுனது நீங்க இல்ல. என் புரோகிராம்தான். காலையில போட்டுப் பாத்துட்டுத்தான் வரேன்."

அவர் முகம் தெளியும் என்று நினைத்தேன். தெளியவில்லை. மெதுவாகத் தலையை ஆட்டினார். "இல்லீங்க மேடம். நானும் மூணு நாளா நெனச்சி நெனச்சிப் பாக்குறேன். மத்தியானம் அந்தப் பக்கம் கூட்டுனேன். தொடப்பக்கட்டை பட்டு சுவிட்சு திரும்பியிருக்கும்."

"சுவிட்சத் தொடறதுக்கு முன்னாடியே, ஃபேன் சத்தம் கூடிப்போச்சின்னு வந்து சொன்னீங்களேண்ணே?"

"சொன்னேங்க. ஆனா கம்ப்யூட்டரு தப்பு பண்ணாதுன்னு நீங்கதான சொன்னீங்க? அப்ப என் கைதான பண்ணியிருக்கணும்?"

என்னைக் காட்டிக் கொடுக்காமல் அவர் பெருந்தன்மையாக இருக்கிறார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அப்படி இல்லை. அவர் உண்மையாகவே தன்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். இருபது வருடம் தவறு செய்யாத கையை, நான் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு வாக்கியத்துக்காக.

வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி வந்தார். டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். கொடுத்துவிட்டு நின்று கேட்டார்: "மூணு நாளா கையையே பாத்துகிட்டு உக்காந்திருக்காரு. சோறு எறங்கல. சனிக்கெழமையே இத சொல்லியிருந்தா என்னா மேடம்?"

"பயமா இருந்துச்சிக்கா" என்றேன். அவர் என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "தண்ணியக் குடிங்க" என்றார்.

மேனேஜரிடம் சொன்னபோது அவர் கதவைச் சாத்தச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. என் பேப்பர் மேலே போயிருப்பது அவருக்கும் தெரியும். "இதையெல்லாம் எழுத்துல குடுக்காதம்மா. அவரை ஒரு வாரம் கழிச்சி நானே கூப்பிட்டுக்கறேன். ஆறப் போட்டா எல்லாம் சரியாயிடும்" என்றார்.

"அவருக்குச் சரியாகாது சார். தான்தான் பண்ணினோம்னே கடைசி வரைக்கும் நெனச்சிகிட்டு இருப்பாரு."

எழுதிக் கொடுத்தேன். சபாபதி மறுநாள் வேலைக்கு வந்தார். எனக்கு மெமோ வந்தது. நிரந்தரம் ஆவது இரண்டு வருடம் தள்ளிப்போனது. அந்த இரண்டு வருடம் கஷ்டமாகத்தான் இருந்தது, அதை மறைத்துச் சொல்ல விருப்பமில்லை. ஆனால் அந்த மூன்று நாள் அளவுக்குக் கஷ்டமாக இல்லை.

ஆரோக்கியமேரி அக்காவிடம் போய்ச் சொன்னது அதைவிடச் சிரமம். அவர் பட்டறையில் அச்சில் மண்ணை ஊற்றிக்கொண்டிருந்தார். சொல்லி முடிக்கிற வரை தலையை நிமிர்த்தவில்லை. பிறகு, "அப்போ மண்ணுல ஈரம் இல்ல" என்றார்.

"இல்லக்கா."

"ரெண்டு நாளா இந்தப் புள்ளைங்களத் திட்டிகிட்டு இருக்கேன், சரியா காயவெக்கலன்னு" என்று அங்கிருந்த இரண்டு பெண்களைக் காட்டினார். அவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அக்காவின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சரி, இப்ப என்னா பண்றது, அதச் சொல்லுங்க" என்றார்.

மண் காய்வதை அவசரப்படுத்த முடியாது. மறுபடி தொடங்கினால் கிறிஸ்துமஸுக்குள் சொல்லிவைத்ததில் பாதிதான் முடியும் என்றார். யாருக்கு இல்லை என்று சொல்வது, எப்படிச் சொல்வது என்பதுதான் அவர் கவலை. பட்டறையில் போன் இருந்தது. நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு கோயிலாகப் போன் போட்டேன். "பொதுச் சூளையிலருந்து பேசறேங்க சாமி. அக்கா மேல தப்பில்ல. எங்க கம்ப்யூட்டர் புரோகிராம்ல தப்பு, எழுதினது நான்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். முதல் தடவை பாதியில் நிறுத்தி, மறுபடி தொடங்கிச் சொன்னேன். நாலாவது ஐந்தாவதில் சாதாரண வாக்கியம் ஆகிவிட்டது. ஒரு பங்குச் சாமியார், பழைய பொம்மைகளுக்கு வர்ணம் அடித்து இந்த வருடத்தை ஓட்டிக்கொள்கிறோம் என்றார். இன்னொருவர் கோபமாகப் போனை வைத்துவிட்டார். அந்தக் கோயில் அதற்குப் பிறகு அக்காவிடம் வரவேயில்லை. அக்கா அதற்காக என்னை ஒருபோதும் குத்திப் பேசவில்லை. ஆனால் ஒரு வருடம்வரை, அவர் சரக்கு சூளையில் இருக்கும் நாட்களில் காலையிலேயே வந்து வெளியே உட்கார்ந்திருப்பார். நானும் போங்கள் என்று சொன்னதில்லை.

ஏன் ஹேங் ஆனது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. மணிக்கொரு தரம் வெப்ப விவரத்தை மேனேஜர் அறையிலிருந்த கம்ப்யூட்டருக்கு அனுப்பும்படி எழுதியிருந்தேன். அவரைச் சந்தோஷப்படுத்துவதற்காக நானாகச் சேர்த்தது. அந்த வெள்ளிக்கிழமை அவர் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பியபோது தன் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போயிருந்தார். என் புரோகிராம் பூட்டிய கதவைத் தட்டிவிட்டு, பதில் வருகிற வரை அசையாமல் அங்கேயே நின்றுவிட்டது. கையிலிருந்த மற்ற வேலையெல்லாம் அப்படியே கிடந்தது. காத்திருக்க ஓர் அளவு வைத்து, பதில் வராவிட்டால் விட்டுவிட்டு உன் வேலையைப் பார் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

அந்த வரியை எழுதினேன். திறந்தவுடன் சூளையின் நிலையைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கட்டளை இட வேண்டும் என்று மாற்றினேன். கம்ப்யூட்டரோடு சம்பந்தமே இல்லாத வெப்பமானி ஒன்றைச் சூளையின் பக்கத்திலேயே மாட்டச் சொன்னேன். இதையெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகச் செய்வீர்கள். நான் செய்ததில் நேரம் பிடித்தது வேறொன்று. இரும்புப் பெட்டியைக் கையால் ஓட்டுவது எப்படி என்று சபாபதியோடு உட்கார்ந்தேன். அவர் பட்டனைத் தொடவே மாட்டேன் என்றார். "உங்க காது சொன்னது அன்னிக்குச் சரி, நான் சொன்னது தப்பு" என்று பலமுறை சொன்னேன். சொல்லிச் சரியாகவில்லை. காலிச் சூளையில் வேண்டுமென்றே புரோகிராமை நிறுத்தி, அவரையே கையால் இறக்கச் சொல்லி, மாதத்துக்கு ஒருமுறை பழகினோம். அவர் தானாகப் பட்டனை அழுத்தவே ஆறேழு மாதம் ஆனது.

பிறகு பல வருடம் ஒன்றும் நடக்கவில்லை. மேனேஜர் மாறினார். கம்ப்யூட்டர் மாறியது. கையில் செல்போன் வந்தது. ஒருநாள் நான் ஒரு மீட்டிங்குக்காகக் கடலூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். நெய்வேலி தாண்டியிருக்காது, சபாபதி கூப்பிட்டார்.

"மேடம், ஸ்க்ரீன் நின்னு போச்சி. நான் தொடல."

சூளையில் பன்னிரண்டு பட்டறைகளின் கார்த்திகை விளக்குகள் இருந்தன. ஆறிக்கொண்டிருக்கிற நேரம்.

"சூளை எப்படிண்ணே இருக்குது?"

"அது பாட்டுக்கு எறங்கிகிட்டு இருக்குது. மானியில அறுநூத்தி அறுவது. ஃபேன் சத்தம் சரியா இருக்குது. பெட்டியக் கைக்கு மாத்தி நானே எறக்கிடறேன். ஆனா இங்க ஒரு சங்கடம்."

"என்னா?"

"மேலருந்து ஒரு ஆபீசர் வந்திருக்காரு. சூளையச் சுத்திக் காட்டறப்பதான் நின்னு போச்சி. மேனேஜர் சாருக்கு ஒரு மாதிரி ஆயிடிச்சி. உடனே ரீஸ்டார்ட் பண்ணுங்கறாரு."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"முடியாதுங்க சார்னு சொல்லிட்டேன்."

பஸ் இரைச்சலில் சரியாகத்தான் கேட்டேனா என்று எனக்குச் சந்தேகம். "கோவிச்சிகிட்டாரா?"

"கோவமாத்தான் பக்கத்துல நிக்கிறாரு. பேசுறீங்களா?"

மேனேஜர் போனை வாங்கினார். புது மனிதர், இளவயது, ஆபீசர் முன்னால் அவமானப்பட்ட குரல். அந்த வெட்கம் எனக்குத் தெரிந்த வெட்கம்தான். அதனால் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. "புரோகிராமை மாத்தி எழுதியிருக்கேன் சார், ரீஸ்டார்ட் பண்ணாலும் அநேகமா ஒண்ணும் ஆகாது. ஆனா அநேகமாதான். உள்ள பன்னெண்டு பேர் விளக்கு இருக்குது. சபாபதி அண்ணன் சொல்றபடி விட்டுடுங்க. லோடு எறங்கினப்புறம் நான் வந்து பாக்கறேன்" என்றேன். ஆபீசரிடம் அவர் ஏதோ சொல்வது கேட்டது. பிறகு, "நீங்க வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறினேன். ஆட்டோ பிடித்து ஷெட்டுக்கு வந்து சேரும்போது சாயங்கால வெயில் வாசலில் விழுந்திருந்தது. திரை அப்படியே நின்றுகொண்டிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. சபாபதி இரும்புப் பெட்டியின் எதிரில், விரலைப் பட்டன்மேல் வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் மேனேஜர், மடியில் ஒரு நோட்டு. அவருக்குப் பின்னால் அந்த ஆபீசர், கழுத்தை நீட்டி வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணி நாலு நாப்பத்தஞ்சி. ஐநூத்தித் தொண்ணூறு" என்றார் சபாபதி. "எழுதிகிட்டீங்களா சார்?"

"எழுதிட்டேன்" என்றார் மேனேஜர்.

"ஃபேன் அதே வேகம்னு பக்கத்துல போட்டுக்குங்க."

மேனேஜர் குனிந்து எழுதினார்.

நான் உள்ளே போகவில்லை. போனால் அந்த நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு எல்லோரும் திரையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். கேட்டுக்கு எதிரே இருந்த கடையில் அவர்கள் மூன்று பேருக்கும் டீ சொல்லி அனுப்பிவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். மறுநாள் டிராலி வெளியே வந்தபோது பட்டறைக்காரர்கள் விளக்குகளை ஒவ்வொன்றாக நகத்தால் தட்டிப் பார்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஷெட் முழுக்கக் கணீர் கணீரென்று கேட்டுக்கொண்டே இருந்தது.